சான்று இல்லாத மூன்று வாக்கியங்கள்

இணையக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரை திருத்துகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது, முகம் கிடையாது, ஓய்வு பெறும் வயதும் கிடையாது. யோசித்துப் பார்த்தால் ஆவிகளுக்கு ஏற்ற உத்தியோகம்.

என்னோடு இந்த உத்தியோகத்தில் அவதிப்பட்டவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் கலைக்களஞ்சியத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'தொகு' என்று ஒரு சொல் இருக்கும். அதை அழுத்தினால் அடுத்தவர் எழுதியதை அழிக்கலாம், உங்களுடையதைச் சேர்க்கலாம். யார், எப்போது, எதைச் செய்தார் என்பதெல்லாம் 'வரலாறு' என்ற இன்னொரு பக்கத்தில் அழியாமல் நிற்கும். அழித்தால் காரணத்தை ஒரு வரியில் எழுத வேண்டும். சேர்த்தால் சான்றாக ஒரு புத்தகத்தைக் காட்ட வேண்டும். சொந்த அனுபவம் செல்லாது.

நான் ஒரு பெண்கள் கல்லூரியில் முப்பது வருஷம் அமெரிக்க வரலாறு நடத்தினேன், அந்த நாட்டை ஒரு தடவைகூடப் பார்க்காமல். ஓய்வு பெற்று, கணவரும் போய், செம்பாக்கம் ஏரிக்கரை வீட்டில் பேச ஆளில்லாமல் இருந்த நாட்களில், அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஒரு படையெடுப்பைப் பற்றிய அரைகுறைத் தமிழ்க் கட்டுரை கண்ணில் பட்டது. ஒரு ஆற்றையும் அதன் ஓரத்துச் சதுப்பையும் பிடிப்பதற்காக இரண்டு படைகள் ஒரு குளிர்காலம் முழுக்க அலைந்த கதை. அதைத் திருத்தி, கலைக்களஞ்சியத்தின் முதற்பக்கத்தில் வைக்கிற தரத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கீழே நான் சொல்கிற எல்லாமே கடைசியில் அந்தக் கட்டுரையின் மூன்று வாக்கியங்களில் போய் நிற்கும். அவற்றை நான் ஆறு தடவை அழித்தேன்.

பிரிண்டரில் நால்வர்

எங்கள் தெருவுக்கு அப்போது பிராட்பேண்ட் வரவில்லை. வாரத்தில் நான்கு நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கிழக்குத் தாம்பரத்தில் சாகுல் பாய் நடத்திய பிரௌசிங் சென்டருக்குப் போவேன். ஒட்டுப்பலகையால் தடுத்த எட்டு அறைகள். அறை என்று சொல்வது மரியாதைக்கு. ஒரு நாற்காலி, ஒரு கணினி, முதுகுக்குப் பின்னால் ஒரு பச்சைத் திரைச்சீலை. மூன்றாம் எண் எனக்கு. நான்காம் எண்ணில் யாரோ ஒருவர் எப்போதும் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருப்பார். அந்தச் சத்தம் எனக்கு ஒரு துணை.

அந்தப் போரில் புகைப்படக்காரர்கள் களத்துக்குப் போய், விழுந்து கிடந்தவர்களை விழுந்தபடியே படம் எடுத்தார்கள். காப்புரிமை முடிந்துபோன படங்கள். கட்டுரையில் போட யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒரு வேலியோரம் நான்கு பேர் வரிசையாகக் கிடக்கிற படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவன் மட்டும் கண்ணைத் திறந்தே வைத்திருந்தான். எப்படியோ கை தவறி அச்சடிக்கிற பொத்தானில் பட்டுவிட்டது. முன்கூடத்தில் பாஸ்போர்ட் விண்ணப்பத்தை அச்செடுக்க ஒரு குடும்பமே காத்திருந்தது. அவர்களுடைய தாளுக்கு முன்னால் என்னுடைய தாள் வந்து விழுந்தது. ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. சாகுல் பாய் திரைச்சீலைக்கு வெளியே நின்று தொண்டையைச் செருமினார்.

"மேடம், உங்காளுங்க நாலு பேரு பிரிண்டர்ல படுத்துகினு கீறாங்க. வந்து எடுத்துகினு போங்க."

தாமோதரனின் ஸ்கேல்

கட்டுரைக்கு வரைபடம் வேண்டும் என்று பேச்சுப் பக்கத்தில் எழுதிவைத்தேன். கட்டுரையைத் திருத்துகிறவர்கள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்வதற்கென்றே ஒதுக்கிய பக்கம் அது. 'நான் வரைகிறேன்' என்று ஒருவர் பதில் போட்டார். எந்த ஊர் என்று கேட்டால், திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் டிராப்ட்ஸ்மேனாம். தாமோதரன் என்று பெயர், நாற்பது வயதுக்காரர். சனிக்கிழமைகளில் அரை நாள் வேலை முடிந்து பஸ் பிடித்து சாகுல் பாய் கடைக்கே வந்துவிடுவார். லேத் பட்டறைக்கு வால்வு வரைகிற மென்பொருளில் அவர் ஆற்றை வரைந்தார். சதுப்பு நிலத்தை, எண்ணெய்த் தொட்டியை வெட்டிக் காட்டுகிற மாதிரி, சாய்கோடுகளால் நிரப்பினார். அளவுகள் மில்லிமீட்டரில் இருந்தன.

தூரம் மனதில் பிடிபடவில்லை என்று ஒருநாள் நம்முடைய ஊர் வரைபடத்தின் மேல் அந்தப் படையெடுப்பை அதே அளவில் தூக்கி வைத்தார். வடக்கை மட்டும் கொஞ்சம் திருப்பினாராம். திருநீர்மலைக் குன்றின் மேல் கோட்டை போய் உட்கார்ந்தது. அவருடைய தொழிற்பேட்டையில் எதிரியின் தானியக் கிடங்கு. தாம்பரம் ஸ்டேஷனில் பாசறை. சாய்கோடு போட்ட சதுப்பு, செம்பாக்கம் ஏரியையும் தாண்டி வழிந்து நாலைந்து தெருக்களை மூடியிருந்தது. அன்று வீட்டுக்கு நடந்து போகையில் காலை அழுத்தி வைக்க யோசனையாக இருந்தது. தார் ரோடுதான், நன்றாகத்தான் போட்டிருந்தார்கள். அடுத்த வாரம் இதைச் சொன்னபோது தாமோதரன் சிரிக்கவில்லை. கணினியில் என் தெருவைப் பெரிதாக்கிக் காட்டினார்.

"உங்க வீடு தண்ணிக்குள்ள விழுது மேடம். நான் என்ன பண்றது, ஸ்கேல் அப்படி."

பத்து மணிக்கு நான் எங்கே

'வரலாறு' பக்கத்தை முதல் தடவையாக ஒழுங்காகப் படித்த நாளில் ஒரே வரியை இரண்டு தடவை படித்தேன். ஒரு சனிக்கிழமை காலை பத்து மணி நான்கு நிமிஷத்துக்கு நான் கோட்டை முற்றுகையைப் பற்றி ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். என் புனைபெயர், 'ஓய்வாசிரியை', பளிச்சென்று நிற்கிறது. அந்தக் காலை பத்து மணிக்கு நான் திருநீர்மலையில், பாதிப் படியில், மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் கொடுத்த துளசிகூட என் பையில் காய்ந்து கிடந்தது. பத்தி என்னுடையதுதான். சொற்களை என் காது அடையாளம் கண்டுகொண்டது. ஆனால் நேரம் என்னுடையது இல்லை.

அன்று தாமோதரனும் வந்திருந்தார். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கலைக்களஞ்சியத்தின் கடிகாரம் நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது என்று அவர் விளக்கினார். மத்தியானம் மூன்றரைக்கு நான் எழுதியதைத்தான் அது பத்து மணி என்று குறித்திருக்கிறது. புரிந்தது. புரிந்த பிறகும் அந்தப் பட்டியலை உடனே மூட முடியவில்லை. இப்போதும் அங்கே காலைதான் என்று ஏதோ ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

"ஆமாம் மேடம். அந்த கம்ப்யூட்டருக்கு நீங்க இன்னும் மலையிலதான் உக்காந்திருக்கீங்க."

ஈரமண்

கட்டுரை முக்கால்வாசி தேறிய நேரத்தில், சதுப்பைக் கடக்கிற பகுதியில் மூன்று வாக்கியங்கள் புதிதாக முளைத்திருந்தன. "ஒருவர் முதுகில் கட்டிய வெள்ளைத் துணியைப் பார்த்து அடுத்தவர் நடந்தார். நடுவில் போன ஒருவரின் துணி அவிழ்ந்து தண்ணீரில் போயிற்று. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் வேறு கரைக்குப் போனார்கள்." அவ்வளவுதான். சான்று இல்லை. எதை அழிப்பதற்கு முன்பும் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துவிடுவது என் பழக்கம், வகுப்பெடுத்தவளின் வியாதி. படித்தேன். சொல் எதுவும் துருத்தி நிற்கவில்லை. நல்ல உரைநடை, அதிலும் கடைசி வாக்கியத்தில் குரல் தானாகவே தாழ்ந்துபோனது. அழித்தேன். 'சான்று இல்லை' என்று காரணம் எழுதினேன்.

மறுநாளே திரும்ப வந்தது. இந்தத் தடவை 'ஈரமண்' என்ற புனைபெயரோடு. வாய்விட்டுப் படித்துவிட்டு அழித்தேன். திரும்ப வந்தது. பக்கத்து அறையின் ஒற்றை விரல் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. இப்படியே ஆறு தடவை. எந்தத் தடவையும் ஒரு எழுத்து மாறவில்லை, ஒரு வார்த்தை வாதாடவில்லை. இந்த வேலையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், சண்டைக்கு வருகிறவர்களைச் சமாளித்துவிடலாம். பேசாமல் திரும்பி வருகிறவர்களைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு சனிக்கிழமை தாமோதரனிடம், அந்த 'வேறு கரை' என்பது அவருடைய படத்தில் எங்கே விழும் என்று விளையாட்டாகக் கேட்டேன். அளந்து பார்த்துவிட்டு, என் வீட்டுச் சமையலறையின் பின்கதவுப் பக்கம் என்றார். அதற்குப் பிறகு பாத்திரம் கழுவும்போது குழாயை நிறுத்தி நிறுத்திக் கேட்பேன். தவளைகள்தான்.

ஆறாவது தடவைக்குப் பிறகு பேச்சுப் பக்கத்தில் கொஞ்சம் கடுமையாகவே எழுதினேன். இது முதற்பக்கத்துக்குப் போக வேண்டிய கட்டுரை, சான்றில்லாத வரி ஒன்று இருந்தால் மொத்தத்தையும் நிராகரித்துவிடுவார்கள், ஏதாவது ஒரு புத்தகத்தின் பெயரையாவது கொடுங்கள் என்று. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அந்தத் தமிழ் எங்கள் பக்கத்துத் தமிழ் இல்லை.

"தர ஏலாது. தண்ணிக்குள்ள நடந்ததுக்கு என்ன புத்தகம்?"

கைப்பாவை

ஒரே ஆள் இரண்டு பெயரில் எழுதினால் அந்த இரண்டாவது பெயருக்குக் கலைக்களஞ்சியத்தில் 'கைப்பாவை' என்று பெயர். அது பெரிய குற்றம். கணக்கையே முடக்கிவிடுவார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் கணக்கில் நுழையாமல் எழுதினால், பெயருக்குப் பதிலாக அந்த இணைய இணைப்பின் எண் பதிவாகிவிடும். நான் ஒருநாள் அசதியில் கணக்கில் நுழைய மறந்து ஒரு பத்தியைத் திருத்திவிட்டேன். நான்தான் அது என்று உடனே ஒரு குறிப்பும் எழுதிவைத்தேன், ஒழுங்கானவள் இல்லையா. அடுத்த வாரம் வெளிநாட்டில் இருக்கிற நிர்வாகி ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. அந்த மூன்று வாக்கியங்களை முதன்முதலாகப் பெயரில்லாமல் சேர்த்ததும் இதே எண்தான் என்று அதில் இருந்தது. ஓய்வாசிரியையும் ஈரமண்ணும் ஒருவரே என்று தாம் கருதுவதாகவும், ஏழு நாளில் விளக்கம் தராவிட்டால் ஈரமண்ணின் கணக்கு முடக்கப்படும், அந்த வாக்கியங்களுக்கும் நிரந்தரத் தடை விழும் என்றும் எழுதியிருந்தார்.

'வரலாறு' பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இரண்டு எண்ணும் ஒன்றேதான், கடைசி இலக்கம் வரைக்கும். கணவர் போன பிறகு சில மத்தியானங்களில் எனக்கு ஞாபகம் விட்டுப்போகும். அடுப்பைப் பற்றவைத்தது தெரியாது, அணைத்தது தெரியாது. அந்த மாதிரி ஒரு மத்தியானத்தில் நானே கை நீட்டி அதை எழுதியிருப்பேனோ? நல்ல உரைநடை என்று நினைத்தேனே, என்னுடையது என்பதால்தானோ? தாமோதரன் என் முகத்தை ரொம்ப நேரம் பார்க்காமல், கீபோர்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்களே எழுதி நீங்களே அழிக்கிறீங்களா?"

எட்டுக்கும் ஒரே எண்

சாகுல் பாயிடம் அந்த எண்ணைக் காட்டி, இது என்ன, யாருடையது என்று கேட்டேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். அவருடையதுதானாம். எட்டுக் கணினிகளும் வெளியே போகிறபோது ஒரே வாசல் வழியாகத்தான் போகின்றன, வெளியே இருந்து பார்ப்பவனுக்கு எட்டும் ஒன்றுதான் என்றார். அப்படியானால் ஈரமண் ஏதோ வெளிநாட்டிலும் இல்லை, என் மண்டைக்குள்ளும் இல்லை. இந்த எட்டுத் திரைச்சீலைகளில் ஒன்றுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். திரும்பி நின்று எட்டுத் திரைச்சீலைகளையும் ஒவ்வொன்றாக எண்ணினேன்.

யார் யார் வழக்கமாக வருகிறார்கள் என்று கேட்டேன். வருகிறவர்களின் பெயர் எழுதுகிற பதிவேட்டை அவர் திறக்கவே இல்லை.

"நாலாம் நம்பர்ல ஒரு அம்மா வருது, மூணு மாசமா. உங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னுதான் மேடம் நெனச்சுகினு இருந்தேன். நீங்க தட்னா அது தட்டுது, நீங்க நிறுத்துனா அதுவும் நிறுத்துது."

ஒட்டுப்பலகை

அடுத்த நாள் மூன்று மணிக்கு என் இடத்தில் உட்கார்ந்தேன். ஒன்றும் எழுதவில்லை. பக்கத்தில் சத்தம் இல்லை. 'படை' என்று இரண்டு எழுத்து அடித்தேன். பலகைக்கு அந்தப் பக்கம் ஒற்றை விரல் இரண்டு தட்டுத் தட்டியது. எழுந்து போய்த் திரைச்சீலையை விலக்கிப் பார்த்திருக்கலாம். இத்தனை நாளாக யாருடைய வாக்கியத்தை அழித்துக்கொண்டிருந்தோமோ அவர் முகத்தைப் பார்க்கிற தைரியம் வரவில்லை. அந்த நேரத்தில் மின்சாரம் போனது. அந்த வருஷம் பகலில் தினமும் போகும். மின்விசிறிகள் இழுத்து இழுத்து நின்றன. திரை கறுத்தது. ஜன்னல் இல்லாத கடை அது. மத்தியான வெயில் வாசலோடு நின்றுவிட்டது. கணினி செத்த பிறகும் பக்கத்தில் ஏழெட்டு எழுத்துத் தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது.

பலகையைப் பார்த்து, "ஈரமண்?" என்றேன். "ஓம், ரீச்சர்," என்றது ஒரு பெண் குரல், என் வயது இருக்கும். டீச்சரைத்தான் அப்படிச் சொன்னார். நான் இங்கே இருப்பது எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நீங்க சத்தமா வாசிச்சு வாசிச்சுத்தானே எழுதுறனீங்கள்," என்றார். முதல் நாளே தெரிந்துவிட்டதாம். தெரிந்துமா சான்று தராமல் ஆறு தடவை திரும்பத் திரும்பச் சேர்த்தீர்கள் என்று கேட்டேன். வகுப்பில் கேட்கிற குரல் வந்துவிட்டது, எனக்கே வெட்கமாக இருந்தது.

"அழிக்கிறதுக்கு முன்னம் அதை ஒருக்கா வாசிப்பீங்கள், ரீச்சர். வேற ஒராள் சொல்லிக் கேக்கவேணும் போல கிடந்தது. அதுதான் திரும்பத் திரும்பப் போட்டனான்."

இரண்டு பக்கத்து ஆட்கள்

மின்சாரம் வரவில்லை. பலகை வழியாக அவர் கொஞ்சம் சொன்னார். ஒரு விடியற்காலை, பனிமூட்டம், கடல்தண்ணீர் உள்ளே புகுந்து கழுத்தளவு நிற்கிற ஒரு களப்பு. நாற்பது ஐம்பது பேர் வரிசையாகக் கடந்திருக்கிறார்கள். சத்தம் போட்டுக் கூப்பிடக் கூடாது, சத்தத்துக்குச் சுடுவார்கள். அதனால்தான் முதுகில் வெள்ளைத் துணி. கரையேறித் தொட்டுப் பார்த்தபோது இவர் முதுகில் துணி இல்லை. இவருக்கு அடுத்து வந்தவர் இவருடைய தங்கை, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு பிள்ளைகளோடு. எந்தக் களப்பு, எந்த வருஷம் என்று நான் கேட்கவில்லை. முப்பது வருஷம் மாணவிகளிடம் ஊரையும் வருஷத்தையும் கேட்டே பழகிய வாய் அன்று திறக்கவில்லை.

அமெரிக்காக்காரர்களின் போரில் கொண்டுவந்து ஏன் இதை எழுதினீர்கள் என்று மட்டும் கேட்டேன். அந்தச் சதுப்பைப் பற்றி நான் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்ததைக் கேட்டபோது, இதுவும் அந்த இடம் மாதிரிதான் என்று தோன்றியதாம். இவருடைய போரைப் பற்றியும் அதே கலைக்களஞ்சியத்தில் பக்கம் இருக்கிறதே என்றேன். பலகைக்கு அந்தப் பக்கம் சிரிப்பு மாதிரி ஒரு மூச்சு.

"அதில போட்டா ரெண்டு பக்கத்து ஆக்களும் வந்து அழிப்பினம், ரீச்சர். இஞ்ச நீங்க ஒராள்தான் அழிச்சனீங்கள்."

நிர்வாகியின் நியாயம்

மின்சாரம் வந்தபோது நான்காம் எண் காலியாக இருந்தது. வாசலில் வெயிலுக்குள் இறங்கிப் போகிற முதுகைத்தான் பார்த்தேன். சாம்பல் நிறப் புடவை, ரவிக்கையின் முதுகில் ஒரு வெள்ளைத் துணித்துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. தையல் கடையில் வேலையாம், சாகுல் பாய் சொன்னார். ஒட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்றே நிர்வாகிக்கு விளக்கம் எழுதினேன். நாங்கள் இரண்டு பேர், ஒரே கடையில் அடுத்தடுத்த அறைகளில் உட்கார்ந்து எழுதுகிறோம், நடுவில் ஒரு ஒட்டுப்பலகை இருக்கிறது, ஆகவே ஒருவர் இல்லை என்று. அவர் கெட்டவர் இல்லை. விதிகளை மனப்பாடம் செய்தவர். மூன்று வாக்கியங்களுக்கும் ஏழு நாளுக்குள் ஒரு புத்தகச் சான்று காட்டிவிட்டால் கைப்பாவைக் குற்றச்சாட்டையும் கைவிடுவதாக எழுதினார். கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்.

"மேற்படி ஒட்டுப்பலகைக்கு ஏதேனும் சான்று தர இயலுமா?"

இல்லாத பக்கம்

இல்லாததற்குச் சான்று தேடுகிறோம் என்று தெரிந்தே தேடினேன். கணக்கை முடக்கிவிட்டால் அவர் மறுபடி அதை எழுத முடியாது. எழுதாவிட்டால் நான் படிக்க முடியாது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்தப் படையெடுப்பில் நடந்துபோன சிப்பாய்கள் கிழவர்களான பிறகு எழுதிய நினைவுக் குறிப்புகளை, அங்கே உள்ள நூலகங்கள் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இணையத்தில் போட ஆரம்பித்திருந்த காலம். பெரும்பாலும் சோறு கிடைக்காத புலம்பல், செருப்பு கிழிந்த புலம்பல். தாமோதரன் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு ஐந்தாம் எண்ணில் உட்கார்ந்து பாதியைப் படித்தார். ஆறாவது நாள் மத்தியானம், பெயர் தெரியாத ஊரில் பெயர் தெரியாத ஒருவர் அச்சிட்ட ஒரு புத்தகத்தில், என் கண் ஒரு வரியில் நின்றது. திரும்ப மேலிருந்து படித்தேன். நான்காம் எண்ணில் ஒற்றை விரல் தட்டிக்கொண்டிருந்தது. நாற்காலியைப் பலகைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஆங்கிலத்தை வாய்க்குள் தமிழாக்கி, சத்தமாகவே படித்தேன்.

"மூடுபனி. பேசக் கூடாது என்று உத்தரவு. மாவுச் சாக்கைக் கிழித்து ஆளுக்கு ஒரு வெள்ளைத் துண்டு முதுகில் கட்டிக்கொண்டோம். முன்னால் போகிறவனின் துண்டைப் பார்த்து நட என்றார்கள். நான் வரிசையின் நடுவில் போனேன். கரையேறித் திரும்பிப் பார்த்தேன், எனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. முதுகைத் தடவினேன். துண்டு இல்லை. அதை வேறு யாரும் கட்டிவிடவில்லை, என் கையால் நானே கட்டிக்கொண்டது. எனக்குப் பின்னால் வந்தவர்கள் வேறு கரைக்குப் போயிருக்கிறார்கள். அங்கிருந்து…" பக்கம் அங்கே முடிந்தது. ஐந்தாம் எண்ணிலிருந்து தாமோதரன் எழுந்து வந்து என் திரைச்சீலைக்கு வெளியே நின்றார், உள்ளே வரவில்லை. தட்டும் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. "அங்கயிருந்து?" என்றது பலகை.

அடுத்த பக்கத்துக்குப் போனேன். பக்க எண் இரண்டு தாண்டியிருந்தது. படம் பிடித்தவர்கள் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. அதற்குப் பிறகு வேறு அத்தியாயம், வேறு மாதம், கோட்டை வாசலில் ஏதோ குதிரைக் கதை. திரும்ப முன்னால் போனேன், பின்னால் போனேன். வேறு பிரதி எங்கேயும் இல்லை. "அந்த ரெண்டு பக்கம் இல்லைங்க. விட்டுப்போச்சு," என்று பலகையிடம் சொன்னேன். அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. பலகையில் ஒரு உள்ளங்கை வந்து படிகிற மாதிரி மெல்லிய சத்தம். அப்புறம் அவர் பேசினார், ஒரு கணக்கு நேரானதைச் சொல்கிறவர் போல.

"அப்ப அவை இன்னும் நடந்துகொண்டிருக்கினம், ரீச்சர்."

கட்டுரை ஒரு ஞாயிற்றுக்கிழமை முதற்பக்கத்துக்கு வந்து போய்விட்டது, மூன்று வாக்கியங்களும் சான்று எண்ணோடு இருந்த இடத்திலேயே இருக்கின்றன, என் வீட்டுச் சமையலறைப் பின்கதவில் அன்றிலிருந்து ஒரு வெள்ளைப் பிடிதுணி தொங்குகிறது, ஆக இந்த உத்தியோகத்தில் நான் கற்றது இவ்வளவுதான்: அழிப்பதற்கு ஒரு வரிக் காரணம் போதும், விட்டுவைப்பதற்குத்தான் ஒரு முழுப் புத்தகம் வேண்டியிருக்கிறது, அதிலும் இரண்டு பக்கம் குறைகிறது.